தலைக்கட்டும் ரெட்டைச் சடையும்

பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகளின் தலையிலிருந்து ரெட்டைச் சடைக் கட்டாயத்தை எடுத்தாக வேண்டும். முடியைக் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உச்சியில் நேர்வகிடு எடுத்து, எண்ணெய் வழியப் படிய வாரி, இரண்டாகப் பிரித்துப் பின்னி, நுனியை மேலே மடித்து, காதோரம் ரிப்பன் போட்டு இறுக்கினால்தான் வாசலுக்குள் விடுவேன் என்கிற கட்டாயத்தைச் சொல்கிறேன். அந்தக் கட்டாயம் பிள்ளைகளின் முடியை வேரோடு பிடுங்குகிறது. அம்மாக்களின் விடியற்காலையைத் தின்கிறது. வலித்தாலும் வாயைத் திறக்காமல் உட்கார்வதுதான் பெண்ணுக்கு அழகு என்று ஆறு வயதிலேயே பழக்கிவிடுகிறது.

பழவேற்காட்டுக் குப்பங்களில் இதைப் பேசினால் முதலில் வருவது சிரிப்பு. "முகத்துவாரம் மணல் மூடிக் கெடக்கு, காட்டுப்பள்ளித் துறைமுகத்த இன்னும் பெருசாக்கப் போறேன்னு சொல்றான், ஏரியில மீன் இல்ல. நீ இன்னாம்மா சடையைப் பத்திப் பேச வந்துட்ட?" என்று கேட்பார்கள். ஞாயமான கேள்விதான். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதை நம்பி வாழ்கிற ஊர்களுக்குக் கவலைகள் ஆயிரம்.

ஆனால் அந்தப் பெரிய கவலைகளை எல்லாம் எங்கே பேசுகிறோம்? ஊர்க்கூட்டத்தில். ஊர்க்கூட்டத்தில் யாருக்குக் கணக்கு? தலைக்கட்டுக்கு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்கிற 'பாடு' முறை இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதில் பங்கு கேட்கிற உரிமை தலைக்கட்டுக்கு உரியது. தலைக்கட்டு என்றால் தொழிலுக்குப் போகிற ஆண். மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் ஏற்றி, பொன்னேரிச் சந்தை வரைக்கும் கொண்டுபோய் விற்று, காசாக்கி, அந்தக் காசில் உலை வைக்கிற பெண் தலைக்கட்டு இல்லை. அவளுக்கும் தலை இருக்கிறது, அதன் மேல் பதினைந்து இருபது கிலோ மீனும் இருக்கிறது, கணக்கில் மட்டும் அது தலை இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணின் தலையில் என்ன நடக்கிறது என்பது எந்தக் கூட்டத்தில் பேச்சாக வரும்? அதனால்தான் இங்கே பேசுகிறேன். சின்ன விசயம் என்று ஒதுக்கப்படுகிறவற்றின் பட்டியலை எடுத்துப் பாருங்கள் தோழிகளே. கழிப்பறை, மாதவிடாய்த் துணி, முதுகுவலி, முடி. எல்லாமே நம் உடம்பு சம்பந்தப்பட்டதாகவே இருக்கும்.

என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தொடர்ந்து இழுபடுவதால் முடி கொட்டுவதற்குத் தோல் மருத்துவத்தில் 'டிராக்‌ஷன் அலோபீசியா' என்று பெயர். இழுவையால் வரும் வழுக்கை என்று சொல்லலாம். ஒவ்வொரு முடியும் தோலுக்குள் ஒரு மயிர்க்காலில் ஊன்றி நிற்கிறது. அதை மணிக்கணக்காக, நாள்கணக்காக இழுத்துப் பிடித்தால் மயிர்க்காலைச் சுற்றி அழற்சி வரும். முதலில் வலி, எரிச்சல், அரிப்பு. பிறகு முடி புறப்படும் இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், சில சமயம் சீழ். பிறகு நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்து, உடைந்து, விலகிப்போகும். வகிடு அகலமாகும். இந்தக் கட்டத்தில் இழுவையை நிறுத்திவிட்டால் சில மாதங்களில் முடி திரும்ப முளைத்துவிடும். நிறுத்தாமல் வருடக்கணக்காகத் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்ளும். மூடிய மயிர்க்காலிலிருந்து முடி வராது. எந்த எண்ணெய்க்கும் வராது, எந்த மூலிகைக்கும் வராது. இந்த வகை வழுக்கைக்கு ஓர் அடையாளமும் உண்டு. நெற்றியின் விளிம்பில் பூனைமுடி மாதிரி ஒரு மெல்லிய வரிசை மிச்சம் நிற்கும், அதற்குப் பின்னால்தான் காலி இடம் இருக்கும். சடைக்குள் சிக்காமல் தப்பித்த குட்டை முடிகள் அவை.

இது புதிய நோய் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். முடியை மேல்நோக்கி இழுத்து உச்சியில் இறுக்கிக் கட்டுவது அங்கே வழக்கம். அவர்களும் நம்மைப் போலக் கடலை நம்பிப் பிழைத்தவர்கள்தாம். தாடியையும் தலைமுடியையும் இழுத்து முடிகிற சீக்கிய ஆண்களுக்கு இது வருவதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கொண்டையை இழுத்துக் கட்டுகிற பாலே நடனக்காரிகளுக்கும் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் தோல் மருத்துவர் நோன்லான்லா குமாலோவும் அவரோடு பணியாற்றியவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. அவர்கள் பார்த்த வயதுவந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த முடியிழப்பு இருந்தது. ஆண்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். பள்ளிச் சிறுமிகளிடமும் இருந்தது, வகுப்பு ஏற ஏற அதிகமாக இருந்தது. அவர்களுடைய முடியின் வகை வேறு, அலங்கார முறை வேறு. ஆனால் பாடம் ஒன்றுதான். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு. ஆணுக்குக் கொட்டாதது பெண்ணுக்குக் கொட்டுகிறது என்றால் காரணம் தண்ணீரில் இல்லை, தலையில் கட்டியிருக்கும் கட்டில் இருக்கிறது.

தண்ணீரை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் முடி கொட்டுகிறது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற பதில் "உப்புத்தண்ணி". கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பது உண்மை. உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் முடி வறளும், சிக்காகும், நடுவில் உடையும், அதுவும் உண்மை. ஆனால் உப்பு மொத்தத் தலையிலும்தான் படுகிறது. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வகிட்டிலும் மட்டும் பார்த்துப் பார்த்துப் படுவதில்லை. பிள்ளை பெற்ற பிறகு கொட்டுகிற முடியும், டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுகிற முடியும், இரத்தசோகையால் கொட்டுகிற முடியும் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முன்நெற்றி மட்டும் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது, காதுக்கு மேலே கையகலம் வெளுத்திருக்கிறது என்றால் அது வேறு கதை. "எங்க அம்மாவுக்கும் இப்பிடித்தான் நெத்தி ஏறிப்போச்சு, எங்க பரம்பரை" என்று சொல்லிக்கொள்கிறோம். பரம்பரையாக வந்தது வழுக்கையா, வாருகிற விதமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த வாருதல் நடக்கிற நேரத்துக்கு வருவோம். எங்கள் ஊர்களில் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். படகு கரைக்கு வருகிற நேரத்துக்கு ஏலம். ஏலத்துக்குப் போகவேண்டிய அம்மா அதற்கு முன் சோறாக்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளையை எழுப்பிக் குளிக்கவைத்துத் தலையும் பின்ன வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகள் என்றால் நான்கு சடை. நேரம் இல்லை. ஆகவே ஈரத் தலையோடு வாருகிறாள். ஈரமுடி காய்ந்த முடியைவிடப் பலவீனமானது, இழுத்தால் நீளும், சீக்கிரம் அறுந்துபோகும். சாயங்காலம் வரைக்கும் கலையாமல் நிற்க வேண்டும் என்பதால் இன்னும் இறுக்குகிறாள். கலைந்தால் பள்ளிக்கூடத்தில் திட்டு பிள்ளைக்கு மட்டும் இல்லை, "உங்க அம்மா இன்னா பண்றாங்க?" என்று அவளுக்கும் சேர்த்து விழும். இன்னும் சில வீடுகளில் காலையில் முடியவே முடியாது என்று முந்தைய இரவே பின்னிவிடுகிறார்கள். பிள்ளை அந்தச் சடையோடேயே தூங்குகிறது. அப்படியானால் அந்த மயிர்க்கால்களுக்கு ஓய்வு எப்போது? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அம்மா இல்லாத காலையில் பெரிய பெண் சின்னவளுக்குப் பின்னுகிறாள். பத்து வயதுக் கைக்கு இறுக்கத்தின் அளவு தெரியுமா?

இதில் அம்மாவைக் குற்றம் சொல்வது எளிது. மருத்துவமனைகளும் அதைத்தான் செய்கின்றன. "ஏம்மா இவ்ளோ டைட்டா கட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். கட்டச் சொன்னது யார் என்று கேட்க மாட்டார்கள். விதியைப் போட்டவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். விதிக்கான உழைப்பை விடியற்காலை நான்கரை மணிக்குச் சம்பளம் இல்லாமல் தருகிறவள் குப்பத்தில் இருக்கிறாள். விதிக்கான விலையைப் பிள்ளையின் நெற்றி கொடுக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதிதான் என்றாலும், வீட்டில் ஆற அமர உட்கார்ந்து தளர்வாகப் பின்ன நேரம் இருக்கிறவர்களின் பிள்ளைக்கு அது அவ்வளவாக வலிப்பதில்லை. நேரம் இல்லாதவளின் பிள்ளைக்குத்தான் வலிக்கிறது.

நான் படித்த பள்ளியில் காலை வழிபாட்டுக்கு நிற்கும்போது வரிசைக்கு நடுவே ஒரு டீச்சர் நடந்து வருவார். மடித்துக் கட்டாத சடை கண்ணில் பட்டால் அதைப் பிடித்து ஒரு இழுப்பு. கூடவே ஒரு வசனம்: "குப்பத்துல இருந்து வந்தா இப்பிடித்தான் தலையை விரிச்சுப் போட்டுனு வருவியா?" அந்த வசனத்தில் சடை ஒரு சாக்குதான். நாற்றம், அழுக்கு, ஒழுங்கின்மை என்று எங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை வாசிக்க அவருக்கு ஒரு சடை தேவைப்பட்டது. மீன் கூடையோடு ஏறினால் நாறுகிறது என்று 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்தப் பேருந்தில் நடந்ததை நாடு பார்த்தது. அதே பேச்சு வகுப்பறையில் எண்ணெய், வகிடு, ரிப்பன் என்ற பெயரில் தினமும் நடக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை.

பள்ளிக்கூடம் சொல்கிற காரணங்களை ஒன்றொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் காரணம் பேன். முடியைக் கட்டி வைத்தால் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் பேன் பரவுவது குறையும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கட்டினால் போதும். ஒற்றைச் சடையும் கட்டுதான், தளர்வான கொண்டையும் கட்டுதான். இறுக்கம் பேனைக் கொல்வதில்லை. ரெட்டைச் சடைப் பிள்ளைகள் தலையோடு தலை முட்டி உட்கார்ந்தால் பேன் வரத்தான் செய்கிறது. பேனுக்கு மருந்து பேன்சீப்பு, முறையான மருந்து, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை. பேன்தான் உண்மையான கவலை என்றால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். வெட்டிக்கொண்டு வருகிற பெண்ணை ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்?

இரண்டாவது காரணம் சமத்துவம். ஏழை, பணக்காரர் வித்தியாசம் தெரியாமல் இருக்கத்தானே சீருடை என்பார்கள். துணிக்கு அது சரி. அரசு துணியைத் தருகிறது, எல்லோருக்கும் ஒரே துணி. முடியை அரசு தரவில்லை. சுருட்டை முடி, அடர்ந்த முடி, மெலிந்த முடி என்று ஒவ்வொரு தலையும் வேறு. தோள் வரைக்கும்கூட இல்லாத முடியை மடித்துக் கட்டச் சொன்னால் அதை இழுத்துத்தான் கட்ட முடியும். அடர்ந்த நீள முடியை மடித்துக் கட்டினால் முழு பாரமும் அடிச்சடையில் தொங்கும். ஒரே விதி எல்லாத் தலைக்கும் சமமாக வலிப்பதில்லை.

மூன்றாவது காரணம் ஒழுக்கம். இதுதான் உள்ளே இருக்கிற உண்மையான காரணம். பையன்களுக்கும் விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதுவும் அத்துமீறல்தான், ஸ்டைலாக வெட்டிய பையனை மொட்டையடித்து அனுப்புவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பையனுக்குச் சொல்வது "வெட்டு". வெட்டிவிட்டால் மாதம் முழுக்க வேலை முடிந்தது, வலியும் இல்லை, யாரும் விடியலில் எழுந்து அவனுக்கு உழைக்கவும் வேண்டாம். பெண்ணுக்குச் சொல்வது "வளர்த்துக்கொள், ஆனால் கட்டிவை". இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முடி நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நீளமாக இருந்தால்தான் பெண். அது விரிந்திருக்கக் கூடாது, ஏனென்றால் விரிந்தால் ஆபத்து. நம் காவியங்களிலேயே பாருங்கள். அவிழ்ந்த கூந்தலோடு நிற்கிற கண்ணகி ஒரு நகரத்தை எரிக்கிறாள். பாஞ்சாலி முடியாத கூந்தல் ஒரு குலத்தை அழிக்கிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று ஒரு பாண்டிய மன்னனுக்கு வந்த சந்தேகத்தைத் தீர்க்க, தமிழில் சிவபெருமானே புலவராக வந்து வழக்காடியிருக்கிறார். அத்தனை பேர் பேசியும் அந்தக் கூந்தலுக்குச் சொந்தக்காரியிடம் "வலிக்கிறதாம்மா?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணவன் இறந்தால் மழிக்க வேண்டும், கணவன் இருந்தால் பூ வைக்க வேண்டும், கணவன் வருவதற்கு முன் மடித்துக் கட்ட வேண்டும். மூன்றிலும் முடி அவளுடையதாக இல்லை. பெண்கள் கிராப் வைத்துக்கொள்ளட்டும் என்று பெரியார் எழுதியும் பேசியும் வந்தது அழகுக் குறிப்பு இல்லை. பராமரிப்பில் கரைகிற நேரத்தையும் அந்த நேரத்தோடு சேர்ந்து கரைகிற பெண்ணையும் பற்றிய கணக்கு அது. இத்தனை பத்தாண்டுகள் கழித்தும் அவர் படம் மாட்டியிருக்கிற அரசுப் பள்ளியில் கிராப் வைத்த பெண்பிள்ளை விசாரிக்கப்படுகிறாள் என்றால் நாம் எதைப் படித்தோம்?

பள்ளிக்கூடம் விட்டவுடன் இழுவை நிற்பதும் இல்லை. கல்யாணத்துக்குச் சவுரி வைத்துப் பின்னி, ஜடை தைத்து, குஞ்சலம் தொங்கவிட்டு, கிலோக்கணக்கில் பாரத்தை ஒருநாள் முழுக்கத் தொங்கவிடுகிறோம். பிறகு யாவாரம். மீன் கூடைக்குக் கீழே சும்மாடு வைக்கிற பெண்கள் கூடை நழுவாமல் இருக்கக் கொண்டையை இறுக்கி முடிகிறார்கள். மேலே அழுத்தம், ஓரத்தில் இழுவை. உச்சியில் சும்மாடு உட்கார்கிற இடத்தில் முடி தேய்ந்து மெலிகிறது. ஏரிக்குள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களும் முடி தண்ணீரில் விழாமல் இருக்க இறுக்கித்தான் முடிகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி இழுக்கிற பெண்களின் தலையை நினைத்துப் பாருங்கள். ஆண் செய்கிற வேலையில் வருகிற கேட்டுக்குத் தொழில்நோய் என்று பெயர் வைத்து நஷ்டஈடு கேட்க முடிகிறது. பெண்ணுக்கு வந்தால் "அழகு போச்சே" என்று ஒரு பெருமூச்சோடு முடிந்துவிடுகிறது.

சரி, என்ன செய்வது? வீட்டில் செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன். வலிதான் அளவுகோல். பின்னி முடித்ததும் பிள்ளையால் புருவத்தைத் தாராளமாக உயர்த்தி இறக்க முடியவில்லை, நெற்றித் தோல் இழுத்துக்கொண்டு நிற்கிறது, தலை வலிக்கிறது என்றால் இறுக்கம் அதிகம், உடனே அவிழ்த்துத் தளர்த்துங்கள். "கொஞ்ச நேரத்துல சரியாப் போயிடும்" என்று சொல்லாதீர்கள். பழகிப்போவதற்குப் பெயர் சரியாவது இல்லை. ஈரத்தில் பின்னாதீர்கள். காலையில் நேரம் இல்லை என்றால் தலைக்குக் குளிப்பதை முந்தைய நாள் மாலைக்கு மாற்றுங்கள். ஒரே இடத்தில் வகிடு எடுக்காமல் மாற்றி மாற்றி எடுங்கள். வெறும் ரப்பர் பேண்டுக்குப் பதிலாகத் துணி சுற்றியதைப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சடையை அவிழ்த்துவிடுங்கள், இரவில் கட்டோடு தூங்கவைக்காதீர்கள். கூடை சுமக்கிறவர்கள் சும்மாட்டை மெத்தென்று தடிமனான பருத்தித் துணியில் சுற்றுங்கள், கொண்டையைக் கழுத்துக்குக் கீழே தளர இறக்குங்கள், சும்மாடு உட்காரும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி வையுங்கள். நெற்றியோரம் கொப்புளமோ மெலிவோ கண்டால் அதன்மேல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து இன்னும் இழுத்து வாரி மறைக்காதீர்கள், மறைக்க மறைக்கத்தான் அது பெரிதாகும். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே தருகிற மருந்தும் கட்டைத் தளர்த்தினால்தான் வேலை செய்யும்.

ஆனால் வீட்டோடு இதை முடித்துக்கொண்டால் பழையபடி பாரம் அம்மா தலையிலேயே ஏறும். விதி மாற வேண்டும். விதி மாறுமா என்று கேட்பவர்களுக்கு, மாறியிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் ஒரு மாணவி, காலையில் குளித்து ஈரமுடியோடு ரெட்டைச் சடை பின்னுவது முடியைக் கெடுக்கிறது, நாற்றம் வருகிறது, நேரமும் போகிறது என்று புகார் கொடுத்தாள். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2016இல், முடியை ஒழுங்காகக் கட்டிவரச் சொல்லலாம், இரண்டாகப் பின்னச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அதே 2016 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவிகள், தங்கள் முடியை அதன் இயல்பில் விடாத விதிகளை எதிர்த்துத் திரண்டார்கள். மாகாணக் கல்வித்துறை அந்த விதியை நிறுத்திவைக்கச் சொன்னது. இரண்டு இடத்திலும் தொடங்கியவர்கள் பிள்ளைகள்தாம்.

நம்மிடமும் ஆயுதம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, குழந்தைக்கு உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. சடையைப் பிடித்து இழுப்பது முதலாவது, வரிசையில் நிறுத்திக் குப்பத்தைச் சொல்லித் திட்டுவது இரண்டாவது. அதே சட்டம், பிரிவு 21, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இதை இன்னொருமுறை படியுங்கள். ஊர்க்கூட்டத்தில் நாம் தலைக்கட்டு இல்லை. பாட்டுக்குச் சீட்டுப் போடும்போது நம் பேர் இல்லை. ஆனால் இந்தக் குழுவில் சட்டப்படி பாதி இடம் நம்முடையது. அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம், ஏனென்றால் அங்கே பேச என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவருவோம்: "இப்பள்ளியில் மாணவிகள் தலைமுடியைத் தூய்மையாகவும் கண்ணில் விழாமலும் வைத்திருந்தால் போதும். ஒற்றைச் சடையோ, ரெட்டைச் சடையோ, கொண்டையோ, கிராப்போ அவர்கள் விருப்பம். முடியின் பேரில் எந்தப் பிள்ளையையும் தொடவோ, திட்டவோ, வெளியே நிறுத்தவோ கூடாது."

நான்கு வரிதான். இதற்கு நிதி ஒதுக்க வேண்டாம், டெண்டர் விட வேண்டாம், யாரும் சென்னைக்கு மனு எடுத்துக்கொண்டு போக வேண்டாம். எதிர்ப்பு வரும். "இன்னிக்குச் சடை, நாளைக்கு இன்னாத்த கேப்பீங்க?" என்பார்கள். நாளைக்கு ஊர்க்கூட்டத்தில் இடம் கேட்போம், அதற்கடுத்த நாள் பாட்டில் பங்கு கேட்போம். தன் தலையில் எவ்வளவு இறுக்கம் இருக்கலாம் என்று பத்து வயதில் சொல்லிப் பழகிய பெண், வளர்ந்த பிறகு மற்றதையும் சொல்வாள். அந்தப் பயம் அவர்களுக்கு இருக்குமானால், அது சரியான பயம்தான்.